அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் தனியார் நிறுவனங்களிலும் கணினிப் பணியாளர் ஊதியமும் சலுகைகளும்

அமெரிக்காவில் ஒரே படிப்பும் அனுபவமும் உடைய இரு கணினிப் பணியாளர்களில் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவருக்குத் தனியார் நிறுவனத்தில் இருப்பவரைவிடப் பெரும்பாலும் குறைந்த சம்பளமே கிடைக்கிறது. மென்பொருள் உருவாக்குநர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 2023இல் சுமார் 1,32,000 டாலர் என்பது நாட்டின் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் கணக்கு. பல்கலைக்கழகங்கள் பதவிகளைத் தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. அதனால் சம்பளத்தைப் பேசி உயர்த்திக்கொள்ள இடம் குறைவு. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழக ஊழியரின் சம்பளம் பொது ஆவணமும்கூட. பக்கத்து மேசைக்காரர் என்ன வாங்குகிறார் என்பதை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

இடைவெளி மிகவும் விரிவது பங்குகளில்தான். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் சம்பளம், போனஸ் ஆகியவற்றோடு நிறுவனப் பங்குகளையும் ஒதுக்குகின்றன. அவை வழக்கமாக நான்கு ஆண்டுகளில் தவணைகளாகக் கைக்கு வரும். வரும் நாளின் சந்தை மதிப்புக்குச் சம்பளத்தைப் போலவே வருமான வரி உண்டு. அமேசான் நெடுங்காலம் முதல் ஆண்டில் 5, இரண்டாம் ஆண்டில் 15, அடுத்த இரண்டு ஆண்டுகளில் தலா 40 சதவீதம் என்று பிரித்துக் கொடுத்தது. இரண்டு ஆண்டுகளில் விலகியவர் ஐந்தில் நான்கு பங்கை இழந்தார். பல்கலைக்கழகத்தில் பங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வங்கி, காப்பீடு, மருத்துவமனை ஆகியவற்றின் கணினிப் பிரிவுகளும், ஒப்பந்த அடிப்படையில் ஆள் அனுப்பும் கன்சல்டிங் நிறுவனங்களும் தனியார் துறையில்தான் சேர்த்தி. அங்கே பங்கு ஒதுக்கீடு அரிது, ஒப்பந்தப் பணியாளருக்கு விடுப்பும் காப்பீடும்கூடச் சொற்பமாகவே இருக்கும். கூகுளை மட்டும் மனத்தில் வைத்து ஒப்பிடுவோரின் கணக்கு இங்கேதான் பிசகுகிறது.

பல்கலைக்கழகத்தின் ஈடு பெரும்பாலும் பிற்காலத்தில் வந்து சேர்வது. கல்லூரி ஆசிரியர்களின் முதுமைக்காகக் கார்னகி அறநிலையத்தின் முயற்சியில் 1918இல் தோன்றிய டிஐஏஏ, இன்றும் பல பல்கலைக்கழகங்களின் ஓய்வுக்காலச் சேமிப்பை நிர்வகிக்கிறது. தனியார் துறையின் 401(கே) கணக்குக்கு நிகராகப் பல்கலைக்கழகத்தில் 403(பி) உள்ளது. ஊழியர் செலுத்தக்கூடிய தொகையின் பொது வரம்பு இரண்டிலும் ஒன்றே, 2024இல் 23,000 டாலர். அரசுப் பல்கலைக்கழக ஊழியர் பலருக்கு 457(பி) என்ற மற்றொரு கணக்கும் உண்டு. அதன் வரம்பு தனி என்பதால், இரண்டிலும் சேர்த்து அந்த ஆண்டில் 46,000 டாலர் வரை வரியைத் தள்ளிவைத்துச் சேமிக்க முடிந்தது.

இவற்றையெல்லாம்விட மதிப்பு மிக்கது மாதாந்திர ஓய்வூதியம். தனியார் துறையில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஐபிஎம் 2008 தொடக்கத்திலேயே தன் அமெரிக்க ஊழியர்களுக்கு அது மேலும் சேர்வதை நிறுத்தியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அது தொடர்கிறது. 2013 ஜூலை முதல் சேர்ந்து, ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் 65 வயதில் ஓய்வு பெற்றால், மிக உயர்ந்த 36 மாதச் சம்பளத்தின் சராசரியில் ஒவ்வொரு பணியாண்டுக்கும் 2.5 சதவீதம் கிடைக்கும். இருபது ஆண்டு பணிக்குப் பாதிச் சம்பளம். எடுக்காத நோய் விடுப்பும் பணிக்காலத்தோடு சேரும். ஆனால் உரிமை உறுதிப்பட ஐந்தாண்டு பணி வேண்டும். அதற்குள் போனால் தான் கட்டிய பணமும் வட்டியும் மட்டுமே திரும்பும். 2016 ஜூலை முதல் சேர்ந்தவர்களுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு.

பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குக் கல்விக் கட்டணச் சலுகை பெரிய பொருட்டு. தனியார் பல்கலைக்கழகங்கள் பல ஊழியரின் பிள்ளைகளுக்கு இளநிலைப் படிப்பின் கட்டணத்தைக் குறைக்கின்றன அல்லது தள்ளுபடி செய்கின்றன, அதற்கு வருமான வரியும் இல்லை. கூட்டாட்சி அரசிடம் கல்விக்கடன் வாங்கியவருக்கு 2007இல் வந்த பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டம் உதவுகிறது. பல்கலைக்கழகம் போன்ற அரசு அல்லது லாப நோக்கற்ற நிறுவனத்தில் முழுநேரப் பணியில் இருந்தபடி 120 தகுதியான மாதத் தவணைகளைக் கட்டி முடித்தால் மீதிக் கடன் தள்ளுபடியாகும்.

சம்பளத்துடன் கூடிய விடுமுறையை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. பல்கலைக்கழகங்களில் விடுப்பு நாள்கள் ஊழியரின் கணக்கில் சேர்ந்துவருகின்றன. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையே மூடிவிடும் வளாகங்களும் உண்டு. நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் ‘வரம்பற்ற விடுப்பு’ கணக்கில் சேராததால், விலகும்போது அதற்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது.

இந்தியப் பணியாளர் பலர் பல்கலைக்கழகத்தை நாட விசாவும் ஒரு காரணம். வெளிநாட்டுப் பணியாளருக்கான எச்-1பி விசாவின் ஆண்டு ஒதுக்கீடு 65,000, அமெரிக்காவில் முதுநிலைப் பட்டம் பெற்றோருக்கு மேலும் 20,000. 2000ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்களை இந்த வரம்பிலிருந்து விலக்கியதால், விண்ணப்பங்கள் வரம்பைத் தாண்டும்போது நடக்கும் குலுக்கல் அங்கே இல்லை. முன்பு குலுக்கலில் தேர்வாகாதவர் பின்னாளில் தனியார் நிறுவனத்துக்கு மாற நினைத்தால் அதே குலுக்கலைச் சந்தித்தாக வேண்டும்.

வேலை நிலைப்பதில் பல்கலைக்கழகத்துக்கு நல்ல பெயர் உண்டு. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தபோது அந்தப் பெயர் மேலும் உயர்ந்தது. எனினும் பேராசிரியருக்கான நிரந்தரப் பதவிப் பாதுகாப்பு கணினி ஊழியருக்குக் கிடையாது. ஆய்வு மானியத்தில் ஓடும் பணியிடம் மானியம் முடிந்தால் போய்விடலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகம் 2017 பிப்ரவரியில் 49 நிரந்தரக் கணினி ஊழியர்களை நீக்கி, வேலையில் ஒரு பகுதியை சிவ நாடார் உருவாக்கிய எச்சிஎல் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. கூட்டாட்சி ஆய்வு நிதி வெட்டுக்கு உள்ளான 2025 மார்ச்சில் அதே பல்கலைக்கழகம் தன் எல்லா வளாகங்களிலும் புதிய பணி நியமனங்களை நிறுத்திவைத்தது.