நிலா கொண்ட ஊர்

நிலாவைச் சுற்றி வளையம் விழுந்த இரவில் படம் எடுக்கிறவர்கள் அதன் கீழே ‘ஹாலோ’ என்று எழுதுகிறார்கள். தமிழில் எழுத நினைப்பவர்கள் ‘ஒளிவட்டம்’ என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது வானம் அல்ல, சாமி படத்தில் தலைக்குப் பின்னால் இருக்கும் தட்டு. வானத்து வளையத்துக்கென்றே தமிழில் ஒரு பழைய பெயர் இருக்கிறது: ஊர்கோள். அது புழக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது என் ஆசை.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இந்தச் சொல்லுக்குப் ‘பரிவேடம்’ என்று பொருள் தருகிறது. ‘கொள்’ என்னும் வினை முதல் நீண்டு ‘கோள்’ ஆயிற்று. நிலா தன்னைச் சுற்றி ஓர் ஊரைக் கொண்டால் அது ஊர்கோள். பேச்சு வழக்கில் ஊர் இன்னும் பலமாகிவிடுகிறது: “நிலா கோட்டை கட்டியிருக்கு, மழை வரும்.”

பரிவேடம் வடசொல். விஷம் விடமானதுபோலப் பரிவேஷம் பரிவேடமாயிற்று. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் இதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். ஞாயிறு, நிலா இவற்றின் கதிர்கள் காற்றால் வட்டமாகி, மெல்லிய மேகம் படர்ந்த வானத்தில் பல நிறங்களில் தெரிவதே பரிவேஷம் என்பது அவர் விளக்கம். காற்றின் வேலை என்றது சரியல்ல. ஆனால் மெல்லிய மேகம் இருந்தாக வேண்டும் என்பதைக் கண்டு சொன்னாரே, அந்தக் கவனிப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அமரகோசம் பரிவேஷத்துக்கு இன்னொரு பெயராகப் ‘பரிதி’யைச் சொல்கிறது. வடமொழியில் பரிதி என்றால் சுற்றி வளைத்து நிற்பது. வேள்வித் தீயைச் சூழ வைக்கும் குச்சிகளுக்கும் அதே பெயர். தமிழிலோ பரிதி என்றால் ஞாயிறு. வேலியின் பெயர் வீட்டுக்காரருக்கே வந்துவிட்டது.

‘ஹாலோ’வின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘ஹாலோஸ்’ என்றால் கதிரடிக்கும் களம். மாடுகள் சுற்றிச் சுற்றி மிதித்ததால் களம் வட்டமாக இருந்தது. அந்த வட்டத்தின் பெயர் வானத்துக்கு ஏறியது. அரிஸ்டாட்டில் வானிலை பற்றிய தம் நூலின் மூன்றாம் பகுதியில் இந்தப் பெயரை வைத்தே வளையத்தை ஆராய்கிறார். இலத்தீன் வழியாக அது ஆங்கிலத்துக்குப் போனபோதும் முதலில் வானத்து வளையத்தைத்தான் குறித்தது. புனிதர்களின் தலைக்குப் பின்னால் போய் நின்றது பிறகுதான். ஜெர்மானியரும் நிலாவைச் சுற்றிய ஒளியை ‘ஹோஃப்’ என்கிறார்கள். முற்றத்துக்கும் அவர்களிடம் அதுவே சொல். ஊர், கோட்டை, களம், முற்றம் எல்லாமே மனிதர் புழங்கும் இடங்கள்.

இத்தனை பெயர்களும் வளையம் நிலாவைச் சூழ்ந்திருப்பதாகவே சொல்கின்றன. நிலா இருப்பது சராசரி 3,84,400 கி.மீ. தொலைவில். வளையமோ நம் தலைக்கு மேலே, சில கிலோமீட்டர் உயரத்து மேகத்தில் மிதக்கும் பனிப் படிகங்களில் உருவாகிறது. ஆறு பட்டை கொண்ட படிகத்தின் ஒரு பட்டையில் நுழையும் ஒளி, அடுத்ததை விட்டு அதற்கடுத்த பட்டை வழியாக வெளியேறும்போது குறைந்தது 22 பாகை வளைகிறது. 60 பாகை முப்பட்டகம்போல் படிகம் வேலை செய்கிறது என்று 17ஆம் நூற்றாண்டில் விளக்கியவர் பிரான்சின் எட்மே மரியோட். அந்த 22 பாகைக்குக் கருவி தேவையில்லை. கையை முழுதாக நீட்டி, கட்டைவிரல் நுனியை நிலாவில் வைத்து விரல்களை விரித்தால், சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய வளையத்தைத் தொடும். ஒரு சாண்.

படமெடுப்பவருக்கும் இந்தச் சாண் கணக்குத்தான் வழிகாட்டி. வளையத்தின் குறுக்களவு 44 பாகை. முழுச்சட்ட கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் போட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும், 24 மி.மீ. இருந்தால் சுற்றிலும் கொஞ்சம் வானமும் கிடைக்கும். முக்காலி, ஐ.எஸ்.ஓ. 800, இரண்டு மூன்று விநாடி என்று தொடங்கிப் பார்க்கலாம். நிலா வெளிறித்தான் போகும். வளையமும் நிலாவின் முகமும் ஒரே சொடுக்கில் கிடைக்காது. தென்னை மட்டைக்குப் பின்னால் நிலாவை மறைத்துவிட்டால் லென்ஸுக்குள் சிதறும் ஒளி அடங்கி வளையம் துலங்கும். அப்போது வளையத்தின் உள்பக்க வானம் வெளிப்பக்கத்தைவிட இருண்டிருப்பதும், உள்விளிம்பில் மங்கிய செம்மை ஓடுவதும் படத்தில் தெரியும்.

நிலாவை ஒட்டி, விரல் அகலத்தில் நிற்கும் சின்ன வட்டம் வேறு. அது பெரும்பாலும் நீர்த்துளி மேகத்தில், துளிகளின் விளிம்பில் ஒளி வளைந்து உண்டாவது. அதில் சிவப்பு வெளிப்பக்கம் இருக்கும். ‘அகல்வட்டம் பகல்மழை’ என்ற பழமொழி அகன்ற வளையத்தைத் தனியே பிரித்துப் பேசுகிறது. வங்கக் கடலில் புயல் உருவாகும்போது அதன் உச்சியிலிருந்து பனிப்படிக மேகம் வெகுதூரம் முன்னால் பரவி வருவதுண்டு என்பதால், அந்தப் பேச்சில் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் எல்லா வளையத்துக்கும் மழை வருவதில்லை. அகன்றதை ஊர்கோள் என்றும் ஒட்டி நிற்பதைப் பரிவேடம் என்றும் பிரித்து வழங்கலாம் என்பது என் யோசனை. எந்தப் பெயரை எழுதுவது என்று ஐயம் வந்தால், எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சிவப்பு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.