மறையுரையில் நகை: வீரமாமுனிவர் காட்டும் நெறி

கோயிலில் மறையுரை கேட்போர் சிரிக்கலாமா என்னும் வினா மிகப் பழையது. இறைவன் திருமுன்னர் நகைப்புக்கு இடமில்லை என்பார் ஒரு சாரார். நகைச்சுவை இன்றி எளிய மக்களின் நெஞ்சைத் தொட இயலாது என்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. செருமானிய நாட்டுப் பகுதிகளில் உயிர்ப்புப் பெருவிழா நாளில் மக்களைச் சிரிக்க வைத்து மறையுரை ஆற்றும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. நாளடைவில் அது வரம்பு மீறியதென 1518ஆம் ஆண்டில் எகோலம்பாடியுசு என்னும் இறையியல் அறிஞர் கடிந்தெழுதினார். ஆதலின், சிரிக்க வைக்கலாமா என்பதினும், எதனைக் காட்டிச் சிரிக்க வைப்பது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

இதற்கு விடை தரும் தொல்லாசிரியர் ஒருவர் நம்மிடையே உளர். அவர் தொல்காப்பியர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கென அவர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். எள்ளல் பிறரை இகழ்வதால் எழுவது. பேதைமையும் மடனும் அறியாமையால் எழுவன. இவ்வேறுபாட்டை நெஞ்சிற்கொண்டு வீரமாமுனிவரை அணுகுவோம்.

இத்தாலி நாட்டில் 1680இல் பிறந்த பெசுகி என்னும் இயேசு சபைத் துறவியே நம் வீரமாமுனிவர். தேம்பாவணி என்னும் பெருங்காப்பியமும், ஐந்திலக்கணம் கூறும் தொன்னூல் விளக்கமும், சதுரகராதியும் தந்த அப்பெரியார், மறை கற்பிக்கும் வேதியர்க்கென வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலும் இயற்றினார். காப்பியப் புலவராகிய அவரே பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார் என்பதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பு மேலிடுகின்றது.

அக்கதை மறையுரையில் சொல்வதற்கென எழுந்ததன்று. மறைப்பணிக்கு வரும் அயல்நாட்டார் மக்களின் பேச்சுத் தமிழைப் பயிலுதற்கு எழுந்தது. செந்தமிழ் கற்றவர்க்கும் சந்தையிலும் களத்திலும் வழங்கும் மொழி கைவராவிடின், கேட்போர் உள்ளத்தில் இடமில்லை என்பதை முனிவர் அறிந்திருந்தார். மக்கள் பேசும் தமிழுக்கென அவர் இலத்தீனில் வரைந்த இலக்கணம், 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அவர் எதிர்த்து வாதிட்ட லுத்தரன் திருச்சபையாரின் அச்சகத்திலேயே அஃது அச்சானது என்பது நினைந்து மகிழத்தக்கது. பரமார்த்த குருவின் கதையோ பாபிங்டன் என்பாரால் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1822இல் இலண்டனில் வெளியிடப்பெற்றது.

கதையில் வரும் சீடர் ஐவர்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். தொல்காப்பியர் கூறிய பேதைமையும் மடனும் இங்கே பெயர் பெற்று நடமாடுகின்றன! ஆறு உறங்குகின்றதா விழித்திருக்கின்றதா எனக் கொள்ளிக் கட்டையால் சோதிப்பர். பூசணிக்காயைக் குதிரை முட்டை என நம்பி வாங்குவர். ஆற்றைக் கடந்தபின் எண்ணுங்கால், எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டுப் பிறரை எண்ணி, ஒருவன் குறைந்தான் என்று அழுவான். வழிப்போக்கன் ஒருவன் வந்து கணக்கைத் தீர்க்க வேண்டியதாயிற்று. தன்னை மறந்து எண்ணும் இம்மடமை இங்கிலாந்தின் காத்தம் ஊர்க் கதைகளிலும் உண்டு. எனவே இஃது ஒரு நாட்டாரை, ஓர் இனத்தாரைச் சுட்டிய நகை மட்டும் அன்று. மாந்தர் அனைவர்க்கும் பொதுவான அறியாமையின் படம்.

ஆயினும் ஒன்றை நாம் மறைத்தல் ஆகாது. பிற சமயக் குருமாரை இகழ எழுதிய கதை இது எனக் கருதுவோர் உளர். சமய வாதம் முனைப்பாக நடந்த காலத்து நூலாதலின், அக்கருத்தை முற்றும் தள்ளிவிட முடியாது. ஒரு கதையே எள்ளலாகவும் பேதைமை நகையாகவும் நிற்கக்கூடும். அதனை எவ்விடத்து எவர் எவரை நோக்கிச் சொல்கின்றார் என்பதே அதன் தன்மையை முடிவு செய்கின்றது. அயலான் குருவைச் சுட்டினால் அஃது இகழ்ச்சி. அருளுரை மேடையில் நிற்பவர், ஊரார் குற்றங்களை எல்லாம் எண்ணித் தம் குற்றத்தை எண்ண மறந்த அந்தச் சீடன் தாமே என்று சொல்வாராயின், அஃது அறம். சபையும் சிரிக்கும், சிரித்த நெஞ்சு உடன் தன்னையும் எண்ணிப் பார்க்கும்.

தென் அந்தமானில் சௌல்தாரி போன்ற ஊர்களையுடைய இத்தீவுகளில் தமிழும் வங்காளமும் இந்தியும் தெலுங்கும் மலையாளமும் பேசுவோர் அண்டை அயலாராய் வாழ்கின்றனர். இத்தகைய மண்ணில் ஒரு வீட்டாரின் நகைப்பு மறு வீட்டாரின் புண்ணாகிவிடுதல் எளிது. இங்கு மறையுரை ஆற்றும் போதகர்க்கு முனிவர் வாழ்வு உணர்த்துவன இரண்டு: மக்கள் மொழியை மக்களிடமே கற்றல் ஒன்று, நகையைத் தம்மிடமிருந்தே தொடங்குதல் மற்றொன்று. கடல் கடந்து வந்து, முதிர்ந்த பருவத்தில் நம் மொழியை எழுத்தெண்ணிக் கற்ற ஒருவர் இதனைச் செய்து காட்டினார் எனின், இம்மொழியைத் தாய்ப்பாலோடு பருகிய நமக்கு அஃது அரிதாமோ?