செட்டிநாட்டுப் பழைய ஒளிப்படங்களும் டிஜிட்டல் கருவிகளும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் முதலிய செட்டிநாட்டு ஊர்களின் பெரிய வீடுகளில் முன்னோரின் ஒளிப்படங்கள் சுவரில் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் லேவாதேவி செய்த காலத்துப் படங்களும் அவற்றில் உண்டு. ஈரமும் கரையானும் இவற்றை மெல்ல அழிக்கின்றன. இவற்றைக் கணினியில் ஏற்றிக் காக்க உதவும் கருவிகளின் வரலாற்றையும் பயன்பாட்டையும் இக்கட்டுரை கூறுகிறது.

கோட்டையூர் காட்டிய வழி

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், திருமண அழைப்பிதழ்கள் என்று பிறர் கழித்துவிடும் அச்சுத் தாள்களையும் அவர் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தோன்றியது. அங்கே முதலில் நுண்படச் சுருளிலும், பின்னர் டிஜிட்டல் வடிவிலும் நூல்கள் படியெடுக்கப்பட்டன. ஒளிப்படங்களுக்கும் இத்தகைய முயற்சி நடந்துள்ளது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்ட உதவியுடன், தமிழகத்தின் பழைய ஸ்டுடியோப் படங்களைப் படியெடுத்துள்ளனர்.

கருவிகளின் தோற்றம்

1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோ. 0.01 மெகாபிக்சல் அளவுள்ள கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை ஒலிநாடாவில் பதிய அது 23 வினாடி எடுத்துக்கொண்டது. படம் திருத்தும் ஃபோட்டோஷாப் மென்பொருள் 1990இல் விற்பனைக்கு வந்தது. இலவசமாகக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருளான கிம்ப் 1996இல் வெளியானது. கறை நீக்கவும், மங்கிய படத்தைத் தெளிவாக்கவும் வீட்டுப் பயனர்க்குக் கிம்ப்பே போதும். ஆனால் திருத்துவது எப்போதும் நகலில்தான் இருக்க வேண்டும். முதல் படியைத் தொடக்கூடாது.

படியெடுக்கும் முறை

தனிப்படங்களுக்குத் தட்டை ஸ்கேனர் ஏற்றது. 4 அங்குலம் அகலமும் 6 அங்குலம் உயரமும் உள்ள படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் படியெடுத்தால் 2400 × 3600, அதாவது 86.4 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். சுருக்கப்படாத டிஃப் கோப்பாகச் சேமித்தால் ஏறத்தாழ 26 மெகாபைட் ஆகும். ஜேபெக் கோப்பு சிறியது. ஆனால் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது தரம் குறையும்.

சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுக்கக்கூடாது. படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும். கேமராவைத் தாங்கியில் பொருத்தி, இரு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, கண்ணாடிக்கு மேலேயே படமெடுக்கலாம். படத்தின் பின்பக்கத்தையும் எடுத்தால்தான் அங்குள்ள எழுத்தும் ஸ்டுடியோ முத்திரையும் தப்பும்.

தேதியும் பெயரும்

1995இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட எக்சிப் முறையின்படி, ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் எடுத்த நாளும் நேரமும் பதியும். புதிய படங்களுக்கு இது வசதி. பழைய படத்துக்கோ படியெடுத்த நாளே பிறந்த நாள் ஆகிவிடும். பாட்டனாரின் ரங்கூன் படத்தைக் கணினி இந்த ஆண்டுப் படங்களோடு அடுக்கிவிடும். டிஜிகேம், எக்சிப்டூல் போன்ற இலவச மென்பொருள்களால் இந்தத் தேதியைத் திருத்தலாம். குறிப்பையும் தமிழிலேயே எழுதலாம்.

எந்தத் தேதியை எழுதுவது என்பதே செட்டிநாட்டில் தனிச் சிக்கல். படத்தின் பின்னால் "பிரபவ வருஷம்" என்று மட்டும் இருந்தால் அது 1927-28 ஆகவும் இருக்கலாம், 1987-88 ஆகவும் இருக்கலாம். தமிழ் ஆண்டுகள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன. நகரத்தார் குடும்பங்களில் பெயரும் அப்படியே. மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற ஐயாவின் பெயரை இடுவது வழக்கம். ஆகவே "முத்தையா, பிரபவ" என்ற குறிப்பு ஐயாவையும் காட்டலாம், பேரனையும் காட்டலாம்.

எனவே குறிப்பில் ஆங்கில ஆண்டு, ஊர், குடும்பத்தின் விலாசம் (தலைப்பெழுத்துகள்), கோவில் பிரிவு, இன்னாரின் மகன் என்ற உறவு ஆகியவற்றைச் சேர்த்து எழுத வேண்டும். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் "1927 அல்லது 1987" என்று எழுதுவது நேர்மை.

பாதுகாத்தல்

ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி எளியது: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு படி வேறோர் ஊரில். பங்காளிகள் பல ஊர்களில் வாழும் குடும்பங்களுக்கு மூன்றாவது சிரமமே இல்லை.

கிழிந்த மூலையை மென்பொருள் சரிசெய்துவிடும். படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யார் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடிய ஆச்சி அந்த வீட்டில் இன்னும் இருந்தால், ஸ்கேனரை வாங்குமுன் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவரருகில் உட்கார வேண்டும்.