கல்லும் கடிதமும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே பழைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பொலனறுவையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) விடுத்த ஆணை அது. கா. இந்திரபாலா அதனை 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழிலே பதிப்பித்தார். ஆணையிட்டவன் சிங்கள மன்னன். ஆணையின் மொழியோ தமிழ். காரணம் எளியது. ஆணை யாரை நோக்கியதோ அவர்கள் அறிந்த மொழியிலே அது வெட்டப்பட்டது. கடல்கடந்து வரும் வணிகர்களே அதன் வாசகர்.

வேற்று நாட்டு வணிகர் ஊராத்துறையிலே வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று கல் அறிவிக்கின்றது. ஊராத்துறை என்பது இக்காலத்து ஊர்காவற்றுறை. அடுத்து வருவது கணக்கு. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்கு அரசன் பண்டாரத்துக்குச் சேரும். எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கு. பிற பண்டங்கள் ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. சந்திர சூரியர் உள்ளவரை இந்த நியதி நிற்கவேண்டும் என்பது மன்னன் கட்டளை. (நெடுந்தீவில் திரியும் மட்டக்குதிரைகளைக் கண்டோர் இக்கல்வெட்டுக் குதிரைகளின் வழித்தோன்றல்களோ அவை என வியப்பதுண்டு. அவை போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தின் எச்சம் என்பதே பொருந்தும்.)

இந்தக் கணக்கு வெறும் வரிக்கணக்கு அன்று. பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். மணற்றிட்டும் பாறையும் நிறைந்தது. கலம் உடைவது அங்கு அரிய செய்தி அன்று. உடைந்த கலத்தின் பொருள் யாருக்கு என்ற கேள்வி ஒவ்வொரு துறையிலும் வணிகன் மனத்தை உறுத்தியிருக்கும். குதிரைக்கு ஒரு விகிதம், பிற சரக்குக்கு வேறு விகிதம் எனப் பகுத்த மன்னன் அந்த உறுத்தலை அறிந்தே பகுத்தான். படைக்கு வேண்டிய குதிரை வராமற்போனால் இழப்பு அவனுக்கு. கல்லிலே வணிகன் மறுமொழி எழுத இடம் இல்லை. ஆயினும் அவனிடத்தில் ஒரு மறுமொழி இருந்தது: பாயைத் திருப்பி வேறு துறைக்குப் போய்விடுவது. அதற்கு ஓசையும் இல்லை, எழுத்தும் இல்லை. துறைமுகம் வெறிச்சோடிய பின்னரே அது அரசன் காதுக்கு எட்டும். ஐந்நூற்றுவர் என்ற பெருவணிகக் குழுவினர் ஈழத்தின் உள்நாட்டிலே, பதவியா, வாகல்கட முதலிய இடங்களில், தம் பெருமையையும் தம் முடிவுகளையும் தாமே கல்லில் வெட்டிவைத்தனர். அரசன் கல்லில் தமக்கு இடம் இல்லையெனில் வேறு கல் தேடிக்கொள்ளலாம் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் கழிந்தன. தீவகத்துக்கு எதிர்க்கரையான குடாநாட்டிலே கல்லினும் விரைந்து பேசும் பொருள் ஒன்று வந்து சேர்ந்தது, அதுவே அச்சு. அது எளிதாக வந்துவிடவில்லை. அமெரிக்க மிஷனார் 1816இல் யாழ்ப்பாணத்திலே பணி தொடங்கினர். 1820இல் அவர்களுக்கென அச்சாளர் ஒருவர் வந்து இறங்கியபோது, தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் அவரைத் தங்கவிடாது நாட்டைவிட்டு அனுப்பினார். அந்நிய நாட்டார் கையில் அச்சுப்பொறி இருப்பதை ஆங்கில ஆட்சி விரும்பவில்லை. 1830களின் நடுவிலேதான் தடை நீங்கி மானிப்பாயில் மிஷன் அச்சகம் முழு வீச்சில் இயங்கலாயிற்று. பேசவிடலாகாது என்று ஒருகால் தடுக்கப்பட்டவர்களே, பிறரைப் பேசவிடலாமா என்ற கேள்வியைப் பின்னர் எதிர்கொள்ள நேர்ந்தது.

1841ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் மானிப்பாயிலிருந்து 'உதயதாரகை' வெளிவந்தது. தமிழும் ஆங்கிலமும் ஒரே தாளில். திங்களுக்கு இரு இதழ். ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற இருவர் ஆசிரியர்கள். பெயர் அமெரிக்கப் பெயராயினும் இருவரும் மிஷன் கல்வி பெற்ற தமிழர். கல்வி, விஞ்ஞானம், இலக்கியம், வேளாண்மை, அரசியல், சமயம் ஆகியவற்றோடு சுருக்கமான செய்திகளும் தருவதாகத் தாரகை தன் நோக்கத்தை அறிவித்தது. ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைகளுள் மூத்தது அதுவே.

பத்திரிகை தொடங்கியவர் எவரும் ஒரு வினாவைத் தவிர்க்க முடியாது. தாளும் தம்முடையது, மையும் தம்முடையது, செலவும் தம்முடையது. இவ்வாறிருக்க, தம் கொள்கையை மறுப்பவன் கடிதத்துக்குத் தம் தாளில் இடம் கொடுக்கவேண்டுமா? வேண்டாம் என்பார்க்கு நியாயம் இல்லாமல் இல்லை. பத்திரிகை ஒரு நோக்கத்துக்காக நடப்பது. எதிரியின் வாதத்தை அச்சிட்டால் அச்சின் மதிப்பும் அதனுடன் சேரும். அக்காலத்து மக்கள் அச்சிலே வந்ததை ஏட்டிலே வந்ததினும் உறுதியாக நம்பினர். பெயர் சொல்லாது எழுதுபவனைப் பொறுப்புக்கு உட்படுத்துவதும் அரிது. வேண்டும் என்பாரும் ஒன்று சொல்வர்: மறுமொழிக்கு இடமில்லாத தாளை ஊரார் துண்டுப்பிரசுரம் என்றே எண்ணுவர்; வாங்கிப் படியார். தமக்கும் அதில் ஒரு மூலை உண்டு என்று கண்டால், தம் கடிதம் வந்ததா என்று பார்க்கவேனும் வாங்குவர்.

தாரகை கடிதங்களை ஏற்றது. தொடங்கிய அந்த ஆண்டிலேயே சைவர் தரப்புக் கடிதம் ஒன்று புனைபெயருடன் அதில் வெளியாயிற்று. அதன் ஆக்கத்தில் நல்லூர் ஆறுமுகம்பிள்ளைக்குப் பங்குண்டு என ஆராய்ச்சியாளர் கருதுவர். ஆறுமுகநாவலர் எனப் பின்னாளில் தமிழுலகம் போற்றிய அவருக்கு அப்போது வயது இருபதுகூட நிரம்பவில்லை. பாதிரியார் பீற்றர் பேர்சிவலின் வெஸ்லியன் பள்ளியில் பயின்றவர். பின்னர் விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் அவருக்கு உறுதுணையாய் நின்றவர். அந்தப் பயிற்சியின் தடம் கடிதத்திலே தெளிவாகத் தெரிந்தது. சைவரின் கோயிற்கிரியைகளைப் பேயின் செயல் எனப் பழித்துவந்த மிஷனாரை அது அவர்கள் வேதநூலைக் கொண்டே மடக்கிற்று. இஸ்ரவேலர் தேவாலயத்திலும் கிரியைகள் இல்லையா? இயேசுநாதர் அந்த மரபில் வந்தவர் அல்லரா? அங்குப் புனிதமாவது இங்கு எவ்வாறு இழிவாகும்? எதிரியின் நூலை எதிரியைவிடக் கூர்ந்து படித்தவன் எழுப்பிய வாதம் அது. அதனை அச்சிட்டவர்களும் அந்த எதிரிகளே.

அதற்கு முன்னும் மறுப்பு எழாமல் இல்லை. சுன்னாகம் முத்துக்குமார கவிராயர் 'ஞானக்கும்மி', 'யேசுமத பரிகாரம்' என்பவற்றைப் பாடியிருந்தார். அவை வாயிலும் ஏட்டிலும் உலவின. மிஷனார் செவிக்கு அவை எட்டினாலும், அவர்தம் பத்திரிகையை வாங்கும் கற்றோர் முன்னிலையில், அவர்தம் சொல்லுக்கு அருகே வைத்து நிறுக்கப்படவில்லை. 1841இன் கடிதம் நிறுக்கப்பட்டது. வேறுபாடு அங்கேதான்.

1842 செப்டெம்பரில் சிவன் கோயில் மடம் ஒன்றிலே சைவர் இருநூறு பேர்வரை கூடினர். வேதமும் ஆகமமும் கற்பிக்கப் பாடசாலை ஒன்று நிறுவவேண்டும், அச்சுப்பொறி ஒன்று பெறவேண்டும் என்று தீர்மானித்தனர். மிஷனாருக்கு எதிராகக் கூடிய கூட்டத்தின் செய்தியும் மிஷனாரின் தாரகையிலேயே வந்தது. அதுவும் பரிவோடு எழுதப்பட்டு. அந்தத் தீர்மானம் சொல்லோடு நிற்கவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. 1849இல் நாவலர் சென்னை சென்று அச்சுப்பொறி வாங்கிவந்தார். 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' வெளியாயிற்று. தாரகையின் மூலையிலே தொடங்கிய மறுமொழி, தனக்கென நூலும் பொறியும் பள்ளியும் உடையதாய் வளர்ந்துவிட்டது.

இதனைக் கண்டு, முதற் கடிதத்தையே ஏற்காது விட்டிருந்தால் மிஷனாருக்கு நன்மையாயிருக்கும் என்று கூறுவது எளிது. அது பிழையான கணிப்பு. நாவலர் கற்றது தாரகையின் கடிதப் பகுதியிலே அன்று. பேர்சிவலின் வகுப்பிலும், விவிலியத்தின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்த மொழிபெயர்ப்பு மேசையிலும். மறுப்புக்கு வேண்டிய கருவி அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. தாரகை கதவை அடைத்திருந்தால், கும்மியும் ஏடும் இருந்த நாட்டிலே அவர் வேறு வழி கண்டிருப்பார். கடிதத்தை ஏற்றதால் மிஷனார் பெற்றது ஒன்று உண்டு: ஊரார் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சில ஆண்டுகள் முன்னதாகவே தம் தாளிலேயே படித்தறியும் வாய்ப்பு. அதைப் பயன்படுத்தினார்களா என்பது வேறு கேள்வி. கோயிற்கிரியை பற்றிய பழிப்பு அந்தக் கடிதத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்குப் பின்வந்த கண்டன நூல்களின் தொகையே சான்று.

மறுமொழி எழுதப் பழகியோர் எத்தரப்பிலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வட்டுக்கோட்டைச் செமினரியிலே படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய்த் தேறிய இருவர் கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். நாவலரின் 'சைவதூஷண பரிகார'த்துக்கு எதிராக, 1857இல், 'சுப்பிரதீபம்' எழுதியவர் அந்த விசுவநாதபிள்ளையே. பின்னாளில் அவரும் சைவத்தின்பால் திரும்பினார், தாமோதரம்பிள்ளையும் திரும்பினார். எதிரியை மறுப்பதற்காகவேனும் எதிரியின் நூலை வரிவரியாகப் படிக்கவேண்டியிருந்ததே, அந்தப் படிப்பு அவர்களைச் சும்மா விட்டிருக்காது.

இனித் தீவகத்துக்குத் திரும்பலாம். ஊர்காவற்றுறையிலே போர்த்துக்கீசர் காலந்தொட்டுக் கத்தோலிக்கம் வேரூன்றியிருந்தது. ஒல்லாந்தர் அச்சமயத்தைத் தடைசெய்தும் அது அழியவில்லை. புரட்டஸ்தாந்தர் கையில் அச்சும் பத்திரிகையும் இருந்த நாட்களில் கத்தோலிக்கரும் சைவரைப்போலவே மறுமொழிக்கு இடம் தேடி நின்றவர்கள்தாம். வாதத்தில் வல்லவரான பொன்ஜீன் ஆண்டகை யாழ்ப்பாணத்துத் திருச்சபைக்குத் தலைமை தாங்கிய காலத்திலே, 1876இல், கத்தோலிக்கர் பத்திரிகை வெளிவந்தது. தமிழிலே 'சத்தியவேத பாதுகாவலன்' என்பது அதன் பெயர். 1888இல் சைவபரிபாலன சபை நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டு செப்டெம்பரிலே 'இந்துசாதனம்' பிறந்தது. தமிழ்ப் பத்திரிகையோடு ஆங்கிலப் பத்திரிகையும் அச்சபை நடத்திற்று. 1841இலே தாரகை கையாண்ட இருமொழி வழியையே அரைநூற்றாண்டுக்குப் பின் அதன் மறுப்பாளரும் கைக்கொண்டனர்.

இந்தத் தாள்கள் எல்லாம் தீவகத்துக்குக் கடல்கடந்தே வரவேண்டியிருந்தன. பண்ணைக் கடலை ஊடறுத்து வீதி அமைந்தது பிந்திய கதை. பராக்கிரமபாகுவின் கல் நின்ற நயினாதீவிலே பத்திரிகை வாங்குவோன் ஒருவன் இப்போது மூன்றில் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கனுக்கும், வேலணைச் சைவனுக்கும், மிஷன் பள்ளியில் படித்த புரட்டஸ்தாந்தனுக்கும் தத்தமக்கென ஒரு பத்திரிகை இருந்தது. கடிதம் எழுத எதிரியின் தாளை நாடவேண்டிய தேவை அவர்களில் எவருக்கும் இல்லாதொழிந்தது.