கிட்டங்கியில் கற்ற பேரம்

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் 1842-இல் அமைந்து 1933-இல் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்த குதிரைப் பந்தயத் திடலை அடுத்து, புல்லும் நீரும் தாராளமாகக் கிடைத்த தாழ்நிலத்தில், மாட்டு வணிகம் செழித்தது. பஃபலோ சாலை, கெர்பாவ் (மலாயில் ‘எருமை’) சாலை என்னும் பெயர்கள் இன்றும் அதற்குச் சான்று. காரைக்காலிலிருந்து வந்த மூனா காதர் சுல்தான் அவ்வணிகத்தில் பெருஞ்செல்வரானார். அத்தொழிலில் விலை பேசும் திறன் அனுபவத்தால் வந்ததே அன்றி, முறையான பயிற்சியாக வளரவில்லை.

அத்தகைய பயிற்சி, நகரின் தென்பகுதியில், மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளில் இருந்தது. கிட்டங்கி என்பது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பலர் ஒரே கூரையின் கீழ்த் தனித்தனிப் பெட்டியும் கணக்குமாக வட்டித்தொழில் நடத்திய நீண்ட கூடம். எண்சுவடியையும் மாகாணி, அரைக்கால் முதலிய பின்னக் கணக்கையும் ஊரிலேயே மனப்பாடம் செய்து கப்பலேறிய சிறுவன், முதலில் ‘பெட்டியடிப் பையன்’ ஆவான். அவன் ஏவல் வேலை செய்து, பேரேடு எழுதப் பழகி, பின்னர் ‘அடுத்தாள்’ என்னும் உதவியாளனாகி, திறமை கண்டால் முதலாளியின் முகவராகப் பொறுப்பேற்பான். தரையில் சம்மணமிட்டு அமர்ந்த மேலாளின் அருகிலேயே அவன் நாளெல்லாம் இருந்ததால், கடன் கேட்டு வருபவரின் நாணயத்தை எடைபோடுவதும், தவணை நீட்டுவதும், நயமாக மறுப்பதும் கண்முன்னே நடந்தன. பேரம் நடந்துகொண்டிருக்கும்போதே அதைப் பார்க்கவைத்த இந்த முறையே அப்பயிற்சியின் உயிர்நாடி.

வாடிக்கையாளரோடு பேசப் பெரிதும் பயன்பட்டது சந்தை மலாய், அதாவது பல இனத்தாருக்கும் பொதுவான எளிய கடைவீதி மலாய். கணக்கு தமிழில் இருந்தது. ஆங்கிலமோ நீதிமன்றத்தின் மொழியாக, அடமானப் பத்திரத்தின் வழியே நுழைந்தது. கடன் விவரத்தை எழுத்தில் தரவேண்டும் என்று வட்டித்தொழிற் சட்டங்கள் பிற்காலத்தில் கட்டாயப்படுத்தியபோது, வாய்மொழி நம்பிக்கையின் இடத்தை ஆவணம் பிடித்தது.

இன்று ஆங்கிலத்திலேயே பேச்சுவார்த்தைத் திறன் கற்கும் வணிக மாணவர்களுக்கு, ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் 1981-இல் நூலாக்கிய கோட்பாடு பழக்கமானது; எதிர்த்தரப்பு கேட்பதற்குப் பின்னால் அதற்கு உண்மையில் என்ன தேவை என்று ஆராயச் சொல்வது அது. கடனாளியின் தொழில்நிலையை அறிந்து தவணை வகுத்த கிட்டங்கியும் இதையே செய்தது. பேசித் தீர்க்கும் இந்த மரபு வாழ்ந்த சிங்கப்பூரே, 2019 ஆகஸ்ட் 7 அன்று 46 நாடுகள் கையெழுத்திட்ட ஐ.நா. சமரச உடன்படிக்கைக்குத் தன் பெயரைத் தந்த நகரம். செட்டியார் முதியோரின் வாய்மொழிப் பதிவுகள் அதன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வணிகவியல் ஆசிரியர்கள் அவற்றை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும்.