எட்டு ஷில்லிங் பரீட்சை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

"நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சை வைத்தால் என்ன சார் தப்பு? தரம் உயரும்தானே?" என்று என்னிடம் படித்த பிள்ளைகளே கேட்கிறார்கள். அவர்களுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. நான் 33 வருடம் வரலாறு நடத்தியவன். எனக்குத் தெரிந்த பதிலும் வரலாற்றில்தான் இருக்கிறது. ஒரு நாடு இதை முப்பது வருடத்துக்கும் மேலாகச் செய்து பார்த்துவிட்டது. அந்த நாடு இங்கிலாந்து. அதை எதிர்த்து எழுதியவர்களில் முக்கியமானவர், அந்தப் பரீட்சையை நடத்த வேண்டிய அதிகாரியே.

1860 வாக்கில் இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகள் பெரும்பாலும் சர்ச்சுகள் நடத்தியவை. அரசாங்கம் மானியம் கொடுத்தது. 1833-இல் 20,000 பவுண்டில் ஆரம்பித்த மானியம், முப்பது வருடத்தில் 8 லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது. கிரிமியப் போரின் செலவு வேறு. கொடுக்கிற பணத்துக்குப் பலன் இருக்கிறதா என்று பார்க்க நியூகாசில் பிரபு தலைமையில் கமிஷன் போட்டார்கள். 1861-இல் அறிக்கை வந்தது. கால்வாசிப் பிள்ளைகள்தான் உருப்படியாகப் படிக்கிறார்கள், ஆசிரியர்கள் பெரிய வகுப்புப் பிள்ளைகளை மட்டும் கவனித்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளை விட்டுவிடுகிறார்கள் என்று அது சொன்னது. இந்தக் குற்றச்சாட்டு முழுப்பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நம் பள்ளிகளிலும் பார்த்ததுதானே.

அப்போது கல்வித்துறையைப் பார்த்துக்கொண்டவர் ராபர்ட் லோ. பெரிய படிப்பாளி, சிக்கனக்காரர். பலன் இருந்தால் பணம், பலன் இல்லாவிட்டால் பணம் மிச்சம், எப்படிப் பார்த்தாலும் அரசுக்கு நஷ்டம் இல்லை என்ற பொருளில் பார்லிமென்டில் பேசினார். 1862-இல் "திருத்திய விதித்தொகுப்பு" நடைமுறைக்கு வந்தது. தேர்ச்சிக்குத் தக்க சம்பளம் என்று மக்கள் புரிந்துகொண்டார்கள்.

கணக்கு எப்படி என்று பாருங்கள். ஒரு பிள்ளையின் வருகைக்காக 4 ஷில்லிங். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை 200 வேளைக்கு மேல் வந்திருந்தால், இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் பரீட்சைக்கு உட்கார வைக்கலாம். அதற்கு 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்றே பாடம். ஒரு பாடத்தில் ஃபெயிலானால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். 8 ஷில்லிங்கை மூன்றால் வகுத்துப் பாருங்கள், சரியாக வரும். ஒரு குழந்தையை மூன்று துண்டாக்கி விலை எழுதிவிட்டார்கள்.

நாடு முழுக்க ஆறு "ஸ்டாண்டர்டு". நாம் இன்றைக்கும் எத்தனாவது ஸ்டாண்டர்டு என்று கேட்கிறோமே, அந்தச் சொல்தான். முதல் ஸ்டாண்டர்டில் ஓரசைச் சொற்களால் ஆன கதையை வாசிக்க வேண்டும், 20 வரை எண்களைச் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். ஆறாவதில் செய்தித்தாளின் ஒரு சிறு பத்தியை வாசிக்க வேண்டும், இன்னொன்றைச் சொல்லக் கேட்டு எழுத வேண்டும். லண்டன் தெருப்பிள்ளைக்கும் சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் இதே அளவுகோல். ஒரு ஸ்டாண்டர்டில் ஒருமுறைதான் உட்காரலாம். அடுத்த வருடம் மேலேதான் போக வேண்டும், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

என்ன நடந்திருக்கும் என்று ஆசிரியராக இருந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பூகோளம், வரலாறு எல்லாம் கால அட்டவணையில் ஓரத்துக்குப் போயின. அவற்றுக்கு மானியம் இல்லையே. கெட்டிக்காரப் பிள்ளை எப்படியும் 8 ஷில்லிங் கொண்டுவரும். அதைக் கவனித்து என்ன லாபம்? வாசிப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பிள்ளைகள் ஒப்பிக்கப் பழகினார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் தடங்கல் இல்லாமல் "வாசித்த" பிள்ளைகள் உண்டு. இன்ஸ்பெக்டர்கள் அதைக் கண்டுபிடிக்க வரியைப் பின்னாலிருந்து வாசிக்கச் சொன்னார்கள். காய்ச்சலில் கிடந்த பிள்ளையையும் பரீட்சை நாளில் போர்த்திக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஆசிரியர்களை இதற்காகத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. முன்பு அரசு தகுதி பெற்ற ஆசிரியருக்கு நேரடியாகக் கொடுத்துவந்த சம்பள உதவியையும் லோ நிறுத்திவிட்டார். மானியம் குறைந்தால் வாத்தியார் வீட்டு அடுப்பில்தான் தெரியும்.

இதை எழுத்தில் பதிவு செய்தவர் மேத்யூ ஆர்னால்டு. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு அவரைக் கவிஞராகத் தெரியும். வயிற்றுப்பாட்டுக்கு அவர் பார்த்த வேலை ஸ்கூல் இன்ஸ்பெக்டர். 1851 முதல் 1886 வரை 35 வருடம் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைச் சோதித்தார். விதிகள் வரும் முன்பே, 1862 மார்ச்சில், 'ஃப்ரேசர்ஸ் மேகஸின்' இதழில் பெயர் போடாமல் அதைத் தாக்கிக் கட்டுரை எழுதினார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு சொந்த மேலதிகாரியை எதிர்த்து எழுதுவது எவ்வளவு ஆபத்து என்று நம் ஆட்களுக்குத் தெரியும்.

பிறகு வருடா வருடம் துறைக்கு அனுப்பிய அறிக்கையிலும் விடவில்லை. வகுப்பறையில் முன்பு இருந்த உயிர்ப்பும் புத்தியும் போய்விட்டன என்றார். இது தந்திரப் போட்டி. இதில் கடைசியில் ஆசிரியர்கள்தான் ஜெயிப்பார்கள். வாசிக்கவே தெரியாத பிள்ளையை வாசிப்பில் பாஸ் பண்ண வைக்க அவர்களால் முடியும் என்ற பொருளில் எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தேர்ச்சி கூடக்கூட அந்தத் தேர்ச்சி எதையும் காட்டாமல் போகிறது என்பதை, மார்க் போடுகிற கையே கண்டுபிடித்தது.

அந்த அறிக்கைகளுக்கு இன்னொரு கதையும் உண்டு. இன்ஸ்பெக்டர்களின் அறிக்கையில் தனக்குப் பிடிக்காத பகுதிகளைத் துறை வெட்டிவிடுகிறது என்று 1864-இல் பார்லிமென்டில் புகார் கிளம்பி, கண்டனத் தீர்மானமே நிறைவேறியது. லோ ராஜினாமா செய்தார். பிறகு விசாரித்து அவர்மீது குற்றமில்லை என்று தீர்மானத்தை ரத்து செய்தார்கள். ஆனால் அவர் கொண்டுவந்த திட்டம் அப்படியே நின்றது. மந்திரி போனாலும் ஃபார்ம் போகாது.

பணம் மிச்சமானதா? ஆனது. 1865-இல் மானியம் ஆறரை லட்சம் பவுண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த வகையில் லோ சொன்னதைச் செய்தார்.

வேல்ஸ் நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே கிராமத்துப் பிள்ளைகள் வீட்டில் பேசியது வெல்ஷ். பரீட்சையோ ஆங்கில வாசிப்பு, ஆங்கில எழுத்து. வெல்ஷ் மொழிக்கு ஒரு பென்னிகூட மானியம் கிடையாது. மொழியைத் தடை செய்து யாரும் சட்டம் போட வேண்டியிருக்கவில்லை. விலைப்பட்டியலில் சேர்க்காமல் விட்டதே போதுமானதாக இருந்தது. வெல்ஷ் மொழியைப் பள்ளியில் பயன்படுத்த 1885-இல் ஒரு சங்கம் தொடங்கிப் போராடியபிறகு, 1880-களின் முடிவில்தான் துறை அதை ஒரு பாடமாகக் கணக்கில் எடுத்தது.

இந்தச் சரக்கு கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. 1860-களிலேயே மதராஸ் மாகாணத்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு "ரிசல்ட்" மானியம் ஆரம்பித்துவிட்டது. திண்ணைப் பள்ளி வாத்தியார் அதுவரை பெற்றோர் கொடுத்த நெல்லிலும் காசிலும் பிழைத்தவர். இப்போது இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைச் சோதித்துத் தலைக்கு இவ்வளவு என்று எழுதினார். மானியம் வேண்டுமென்றால் துறை சொன்ன பாடம். எண்சுவடியும் நிகண்டும் அந்தப் பட்டியலில் எங்கே இருக்கும்? திண்ணைப் பள்ளியைப் பொற்காலம் ஆக்க நான் தயாரில்லை. அங்கே பிரம்பும் உண்டு, சாதியும் உண்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் இடம் இருந்ததில்லை. ஆனாலும் வேடிக்கையைப் பாருங்கள். எழும்பூர் அனாதைப் பிள்ளைகள் பள்ளியில் ஆண்ட்ரூ பெல், நம் திண்ணையில் பார்த்த மணல் எழுத்தையும், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் "மதராஸ் முறை" என்று 1797-இல் புத்தகம் போட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். நாம் மணலைக் கொடுத்தோம். அவர்கள் எழுபது வருடம் கழித்து ரிசல்ட் ஷீட்டை அனுப்பினார்கள். 1882-இன் ஹன்டர் கமிஷன் கல்லூரிகளுக்கு இந்த முறை வேண்டாம் என்றது, நாட்டுப் பள்ளிகளுக்கு இருக்கட்டும் என்றது. ஏழைப் பிள்ளைக்குத்தான் எப்போதும் சோதனை. 1904-இல் கர்சன் காலத்துக் கல்வித் தீர்மானம்தான் இதைக் கைவிடச் சொன்னது.

இங்கிலாந்தில் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. 1870-இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் தேசிய அளவில் சங்கம் தொடங்கினார்கள்; அவர்களின் முதல் கோரிக்கைகளில் ஒன்று இந்தப் பரீட்சையை ஒழிப்பது. இருபது வருடம் பேசிப் பேசி, 1890-இல் பெரும்பகுதியை எடுத்தார்கள். அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் மிச்சமும் போனது. 1905-இல் கல்வி வாரியம் ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. தலைப்பே "யோசனைகள்" என்பதுதான், ஆணைகள் அல்ல. ஒவ்வோர் ஆசிரியரும் தாமே சிந்தித்துத் தமக்கும் தம் பள்ளிக்கும் ஏற்ற முறையை வகுக்க வேண்டும், இந்த ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று முன்னுரையில் சொன்னார்கள். அதே துறை!

ஆனால் கதவைத் திறந்ததும் பறவை பறந்துவிடவில்லை. 1875 முதல் இன்ஸ்பெக்டராக இருந்து தலைமை இன்ஸ்பெக்டராக உயர்ந்த எட்மண்ட் ஹோம்ஸ், ஓய்வு பெற்றதும் 1911-இல் ஒரு புத்தகம் எழுதினார். பரீட்சை போய்ப் பதினைந்து வருடம் ஆகியும் ஆசிரியர்கள் அதே பழக்கத்தில்தான் இருக்கிறார்கள், முப்பது வருடம் சொன்னதைச் செய்யப் பழக்கிவிட்டுத் திடீரென்று சுதந்திரம் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டார். பிள்ளைகளைச் சோதித்த குற்றத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று எழுத அவருக்குத் துணிச்சல் இருந்தது. அவரும் உத்தமர் இல்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து உள்ளூர் இன்ஸ்பெக்டர் ஆனவர்களை மட்டம் தட்டி அவர் எழுதிய சுற்றறிக்கை அதே 1911-இல் வெளியே கசிந்து பெரிய ரகளையானது.

பிறகு 1988-இல் அதே இங்கிலாந்து தேசியப் பாடத்திட்டமும், 7, 11, 14 வயதில் தேசியத் தேர்வுகளும் கொண்டுவந்தது. 1993-இல் ஆசிரியர்கள் தேர்வைப் புறக்கணித்தார்கள். வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். கோர்ட்டில் ஆசிரியர்கள் ஜெயித்தார்கள். 14 வயதுத் தேர்வு 2008-இல் போனது. வேல்ஸ் தனக்கு அதிகாரம் கிடைத்ததும் அந்தத் தேர்வுகளைப் படிப்படியாக எடுத்துவிட்டது.

நம் கதைக்கு வருகிறேன். கல்வி மாநிலப் பட்டியலில்தான் இருக்கட்டும், இவ்வளவு பெரிய நாட்டுக்கு அதுவே நல்லது என்பது கோத்தாரி கமிஷனின் பெரும்பான்மைக் கருத்து. பத்தே வருடத்தில், 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தின் 42-ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. இப்போது மாநிலப் பாடத்திட்டத்தை மாற்று என்று டெல்லி ஆணையிட வேண்டிய அவசியமில்லை. மருத்துவத்துக்கு நீட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் கியூட். கியூட்டின் கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. பாடத்தை ஒட்டியவை. மானியத்துக்குப் பதில் சீட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். பெற்றோரே வந்து பள்ளியை மாற்றச் சொல்லுவார்கள். வேல்ஸில் நடந்ததும் இதுதான்.

ஆனால் டெல்லியை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பிளஸ் டூ நடத்திய பள்ளிகள் நம் மாநிலத்தில்தான் இருந்தன. அதைத் தடுக்கவென்றே 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. பரீட்சையால் வந்த நோய்க்கு இன்னொரு பரீட்சை. 2019-இல் 5, 8 வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று அரசாணை வந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஹால் டிக்கெட்! நல்லவேளை, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள்.

நான் பரீட்சையே கூடாது என்கிறவன் இல்லை. பள்ளிப்படிப்பை முடிக்கும்போது வைக்கிற பத்தாம் வகுப்புச் சான்றிதழால் வாழ்க்கை திறந்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் எத்தனையோ பேரை வகுப்பில் பார்த்திருக்கிறேன். அது பிள்ளையின் கையில் கொடுக்கிற காகிதம். பள்ளியின் சோற்றுக்கும், ஆசிரியரின் பெயருக்கும், மாநிலத்தின் ரேங்குக்கும் பிள்ளையைப் பிணையாக வைக்கிற பரீட்சை வேறு. லோ செய்தது இரண்டாவது. தரம் பார்க்க வேண்டுமா, ஆர்னால்டு தன் பழைய வேலையில் செய்த மாதிரி ஒருவர் பள்ளிக்கு வந்து ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்காரட்டும். அதற்குச் செலவாகும் என்பது எனக்கும் தெரியும்.

ஹோம்ஸின் புத்தகம் பெயர் 'வாட் இஸ் அண்ட் வாட் மைட் பி'. காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் பாதி கசப்பு. இரண்டாம் பாதியில் கிராமத்துப் பள்ளி ஒன்றையும் அதன் தலைமை ஆசிரியையையும் பற்றி எழுதியிருக்கிறார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த இளம் ஆசிரியர்கள் யாராவது அந்த இரண்டாம் பாதியை மட்டுமாவது தமிழில் கொண்டுவந்தால், பிழை திருத்தித் தர நான் இருக்கிறேன்.