எட்வர்ட்: அழியாமல் தப்பிய பெயர்

ஆங்கிலேயரின் மரபுப் பெயர்கள் என்றதும் நாம் அடுக்கும் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஹென்றி ஆகியவை 1066இல் நார்மன் படையெடுப்புக்குப் பின் அங்கே வேரூன்றியவை. ஜானும் தாமஸும் விவிலியம் தந்தவை. அந்த மண்ணுக்கே உரிய பழம்பெயர்களில் பெரும்பாலானவை மறைந்துபோக, அரச குடும்பத்திலும் சாதாரண வீடுகளிலும் நிலைத்துவிட்டது எட்வர்ட்.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ஏறத்தாழ 'ஏஅட்வெஅர்ட்'. 'ஏஅட்' என்றால் செல்வம், நல்வாழ்வு. 'வெஅர்ட்' என்றால் காவலன். 'லார்ட்' என்ற சொல்லின் பின்பாதியும் இந்தக் காவலன்தான். அதன் மூல வடிவத்துக்கு 'ரொட்டியைக் காப்பவன்' என்று பொருள். ஊருக்குச் சோறு போடுபவனே தலைவன் என்று எண்ணிய சமூகம் அது. எனக்கு மிகவும் பிடித்த சொற்பிறப்பு இது.

ஆனால் எட்வர்டைச் 'செல்வம் காப்பவன்' என்று பொருள் சொல்லி முடித்துவிடுவது போதாது. இரண்டு சொற்களை இணைத்துப் பெயர் அமைப்பது அன்றைய வழக்கம். குடும்பத்தில் வழங்கிய பாதிகளையே மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். ஆல்ஃபிரட் அரசரின் மகன் எட்வர்ட், 899 முதல் 924 வரை ஆண்டவர். அவருடைய மகன்களில் ஒருவர் எட்மண்ட், இன்னொருவர் எட்ரெட். எட்ரெட் என்பதில் முன்பாதி தந்தையுடையது. 'அறிவுரை' என்று பொருள்படும் பின்பாதி தாத்தா ஆல்ஃபிரடின் பெயரில் உள்ளது. இரண்டு பாதிகளும் சேர்ந்து தரும் பொருளைவிட, இன்ன குடும்பத்துப் பிள்ளை என்ற அடையாளமே அங்கே முக்கியம்.

நார்மன் ஆட்சி வந்ததும் இந்த வழக்கம் குலைந்தது. ஆள்பவர்களின் பெயர்களை ஆளப்பட்டவர்களும் தம் பிள்ளைகளுக்குச் சூட்டினார்கள். சில தலைமுறைகளில் லியோஃப்ரிக், வுல்ஃப்ஸ்டன் போன்றவை வழக்கொழிந்தன. எட்வர்டைக் காப்பாற்றியது ஒரு துறவு மனத்து அரசரின் நினைவு. 1042 முதல் 1066 வரை ஆண்ட எட்வர்டுக்கு 1161இல் திருச்சபை புனிதர் பட்டம் அளித்தது. அவர்மீது ஆழ்ந்த பக்தி கொண்டிருந்த மூன்றாம் ஹென்றி, 1239இல் பிறந்த தம் மூத்த மகனுக்கு அந்தப் பெயரையே சூட்டினார். 1245இல் அந்தப் புனிதரின் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தைப் புதிதாகக் கட்டவும் தொடங்கினார். அந்த மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று 1272 முதல் 1377 வரை தொடர்ந்து மூன்று எட்வர்டுகள் ஆண்டார்கள். அதன்பின் அது பழம்பெயராகத் தோன்றவில்லை.

அந்த மகனைத்தான் 'முதலாம் எட்வர்ட்' என்கிறார்கள். அவருக்கு முன்பே அதே பெயரில் மூன்று ஆங்கில அரசர்கள் இருந்திருக்கிறார்கள். எண்ணிக்கையை நார்மன் வெற்றிக்குப் பிறகே தொடங்கும் வழக்கம், அந்தப் பெயரை ஈந்தவர்களையே கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறது. இது நியாயமாகப் படவில்லை.

மக்கள் நாவில் எட்வர்ட் 'நெட்' ஆனது. பழைய பேச்சு வழக்கில் 'என் எட்' என்பதை 'மைன் எட்' என்றார்கள். முன்சொல்லின் 'ன்' ஒட்டிக்கொண்டு 'மை நெட்' ஆயிற்று. ஆன் 'நான்' ஆனதும், எல்லன் 'நெல்' ஆனதும் இப்படித்தான்.

பெயர் கடலும் கடந்தது. மூன்றாம் எட்வர்டின் பேத்தி ஃபிலிப்பா போர்ச்சுகல் அரசரை மணந்தார். அவர்கள் மகன் தம் கொள்ளுத்தாத்தாவின் பெயரைப் போர்ச்சுகீசிய வடிவில் தாங்கி, 1433 முதல் 1438 வரை துவார்த்தே என்ற பெயரில் அங்கே அரசாண்டார்.